கொரிய அரசுப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கப் போவோர் முகவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் கனடாவுக்குப் போய், ஸ்காபரோவில் வளர்ந்து, சமூகவியலில் இளங்கலைப் பட்டம் பெற்ற 24 வயதுத் தங்கை ஒருவர் தென் கொரியாவின் அரசுப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறார். தன்னுடைய விவரங்களை இணையத்தில் பதிந்த ஒரே வாரத்தில் மூன்று ஆட்சேர்ப்பு முகவர்கள் அவருக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவர், சோல் நகர இடங்கள் நிரம்பிவிட்டன என்றும், ஆனால் அரசுப் பாடசாலைக் கட்டடத்துக்குள்ளேயே வேறொரு வேலை உடனடியாக இருக்கிறது என்றும் சொல்கிறார். இன்னொருவர் இடத்தை உறுதி செய்துவைக்க 200 டொலரும் கடவுச்சீட்டின் பிரதியும் கேட்கிறார். மூன்றாமவர் நீண்ட படிவம் ஒன்றை அனுப்பிவிட்டு, நிரப்பி முடித்ததும் பேசலாம் என்று இருந்துவிட்டார். முகவர் வழியாகப் போவதா நேரடியாக விண்ணப்பிப்பதா, யாரை நம்புவது, கனடாவில் பிறக்காததும் தன் நிறமும் தடையாகுமா, சென்னையில் பிறந்து இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மச்சாளும் விண்ணப்பிக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் பிரித்தானியக் கடவுச்சீட்டுடன் போய் தென் கியோங்சாங் மாகாணத்து ஆரம்பப் பாடசாலைகளில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன்; அதன் பிறகு போன சிலருடைய கடதாசி வேலைகளுக்கும் உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், 200 டொலர் கேட்டவருக்குப் பதிலே எழுத வேண்டாம். முதலாமவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டுவிட்டு விலகிவிடுங்கள், அந்தக் கேள்வி என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாமவரோடு மட்டும் பேச்சைத் தொடருங்கள்.

நம்மவர்களுக்கு ஏஜென்சி என்ற சொல் காதில் விழுந்ததும் வேறொரு படம் மனதில் வரும். காணியை ஈடு வைத்து, இலட்சக்கணக்கில் கட்டி, கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்து வெளியேறிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஆகவே ஏஜென்சி காசு கேட்டால் அதில் ஒரு பிழை இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. கேட்காவிட்டால்தான் சந்தேகம் வருகிறது. கொரிய ஆங்கில ஆசிரியர் வேலையில் காசு எதிர்த்திசையில் போகிறது. ஆசிரியரைத் தேடும் தரப்புத்தான் முகவருக்குக் கூலி கொடுக்கிறது. வேலை தேடுபவர் முகவருக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் கையை விட்டுப் போகும் காசெல்லாம் சான்றிதழ், முத்திரை, அஞ்சல், வீசா, விமானச் சீட்டு ஆகியவற்றுக்கே. இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால், எந்த முகவர் எதற்காக எதைச் சொல்கிறார் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

இனி, அரசுப் பாடசாலைகளுக்கு ஆள் எடுக்கும் முறை. இபிக் எனப்படும் கொரிய ஆங்கிலத் திட்டம் 1995இல் தொடங்கியது. கொரியக் கல்வி அமைச்சின் கீழுள்ள தேசிய சர்வதேசக் கல்வி நிறுவனம், சோலுக்குத் தெற்கே சொங்னாம் நகரிலிருந்து இதை நடத்துகிறது. விண்ணப்பத்தைப் படிப்பதும் காணொளியில் நேர்முகம் நடத்துவதும் அந்த அலுவலகத்தின் வேலை. அங்கே தேறியவர்களின் கோப்புகள் மாநகர, மாகாணக் கல்வி அலுவலகங்களுக்குப் போகின்றன. நாட்டில் இப்படி 17 கல்வி அலுவலகங்கள் உள்ளன. எந்தப் பாடசாலைக்கு எவரை அனுப்புவது என்பதை அந்தந்த அலுவலகமே தீர்மானிக்கிறது. வசந்த காலச் சேர்க்கைக்கு ஆட்கள் பெப்ரவரி பிற்பகுதியிலும், இலையுதிர் காலச் சேர்க்கைக்கு ஓகஸ்ட் பிற்பகுதியிலும் போய் இறங்குவார்கள். கொரியப் பாடசாலை ஆண்டு மார்ச்சில் தொடங்குவதால் பெப்ரவரிச் சேர்க்கைதான் பெரியது.

இந்த ஓட்டத்தில் முகவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்த்து உள்ளே கொடுக்கிறார். உள்ளேயிருந்து வரும் பதிலை உங்களிடம் சேர்ப்பிக்கிறார். தேர்வு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை, ஊர் ஒதுக்கும் அதிகாரமும் இல்லை. "பூசானில் கடற்கரைக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு பாடசாலை வாங்கித் தருகிறேன்" என்று இபிக் விண்ணப்பத்துக்கு ஒரு முகவர் வாக்குக் கொடுத்தால், அவர் தன்னிடம் இல்லாததை விற்கிறார். விருப்பமான இடத்தை விண்ணப்பத்தில் எழுதலாம். அது கிடைப்பது காலியிடத்தையும், விண்ணப்பமும் ஆவணங்களும் எவ்வளவு முந்திப் போய்ச் சேர்ந்தன என்பதையும் பொறுத்தது. சோல், பூசான், தேகு போன்ற பெருநகரங்களைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். காங்வொன் மலைப் பக்கத்தையோ சுங்சோங் கிராமங்களையோ முதலில் எழுதுபவர் குறைவு. நான் கேட்டது பூசான். கிடைத்தது, பூசானுக்கு ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டிய ஒரு சிற்றூர். அதற்காக நான் பின்னால் வருந்தியதில்லை என்பது வேறு கதை.

அப்படியானால் முகவர் எதற்கு, நேரடியாகவே விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். விண்ணப்பிக்கலாம். நேரடி விண்ணப்பத்துக்கும் முகவர் வழி விண்ணப்பத்துக்கும் சம்பளத்திலோ ஒப்பந்தத்திலோ வேறுபாடு கிடையாது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது, இரண்டு முகவர்கள் வழியாகவும் போக முடியாது. ஒரே பெயரில் இரண்டு விண்ணப்பங்கள் வந்தால் இரண்டும் தள்ளப்படலாம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல் முறை நானே நேரடியாக விண்ணப்பத்தை அனுப்பியிருந்தேன். அதற்கு முன் ஒரு முகவரோடு தொலைபேசியில் பேசி, "பார்ப்போம்" என்று சொல்லி, என் விவரக்குறிப்பைக் கொடுத்திருந்தேன். நான் சொன்ன "பார்ப்போம்" அவருக்குச் சம்மதமாகப் பட்டிருக்கிறது. என்னிடம் கேட்காமலே படிவத்தை நிரப்பி அவரும் அனுப்பிவிட்டார். விளக்கக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, கடைசியில் அந்தச் சேர்க்கையே கைநழுவிப் போயிற்று. ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பித்தேன். ஆகவே நீங்கள் தொடர விரும்பாத இரண்டு முகவர்களுக்கும், "என் பெயரில் எங்கும் எந்த விண்ணப்பமும் அனுப்ப வேண்டாம்" என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பி, அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள். மேலே பதிலே எழுத வேண்டாம் என்று சொன்னவருக்கும் இந்த ஒரு வரி மட்டும் போகலாம்.

நல்ல முகவர் செய்யும் வேலை சிறியது போலத் தெரியும், ஆனால் பயன் உள்ளது. இபிக் விண்ணப்பம் பல பக்கங்கள் நீளும். அதில் கட்டுரையும் மாதிரிப் பாடத் திட்டமும் கேட்பார்கள். கொரிய ஆரம்பப் பாடசாலையில் ஆங்கிலம் 3ஆம் வகுப்பில் தொடங்குகிறது, ஒரு பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் ஒரு கொரிய ஆசிரியர் உங்களோடு சேர்ந்து கற்பிப்பார். இந்த மூன்றும் தெரியாமல் எழுதும் பாடத் திட்டம் முதல் பார்வையிலேயே அடிபட்டுப் போகும். ஒன்றரை மணித்தியாலத்துக்கான விவாத வகுப்பைத் திட்டமிட்டு, கூட வரும் கொரிய ஆசிரியருக்கு ஒரு வேலையும் வைக்காமல் அனுப்பிய நண்பர் ஒருவரின் திட்டத்தை, அவருடைய முகவர் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகவர் தன் கூலிக்கு உழைத்தவர். நேர்முகத்துக்கு முன் ஒரு முறை ஒத்திகை வைப்பவரும் அப்படித்தான். கொர்வியா, கொரியன் ஹொரைசன்ஸ் போன்ற நிறுவனங்கள் அரசுப் பாடசாலைகளுக்கு ஆள் சேர்ப்பதில் நெடுநாளாகத் தெரிந்த பெயர்கள். ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். தன்னோடு சேர்ந்து இயங்கும் முகவர் நிறுவனங்கள் எவை என்பதை இபிக் அலுவலகமே வெளியிடுகிறது. உங்களுக்கு எழுதியவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். கொரியாவில் கட்டணம் வாங்கி ஆட்சேர்ப்புச் செய்பவர் உள்ளூராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணைக் கேட்டால் முறையானவர் முகம் சுளிக்காமல் தருவார்.

முகவரின் கை உண்மையிலேயே நீளும் இடம் ஒன்று உண்டு. சோலைச் சுற்றியிருக்கும் கியோங்கி மாகாணம் கெபிக் என்ற பெயரில் 2003இல் தனியாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செலவுக் குறைப்புக்குப் பிறகு அங்கே பல பாடசாலைகள் தாமே ஆள் எடுக்கின்றன. அதிபரும் ஆங்கிலத் துறை ஆசிரியரும் சில விவரக்குறிப்புகளை மேசையில் பரப்பி வைத்து ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அந்த விவரக்குறிப்புகளை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பெரும்பாலும் முகவரே. இங்கே எந்தப் பாடசாலை, எந்த ஊர், எந்த வகுப்புகள் என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பே தெரிந்துவிடும். சேர்க்கைக் காலத்துக்கு வெளியேயும் இடம் கிடைக்கும். மறுபக்கம், இபிக்காரருக்குக் கிடைக்கும் ஏறத்தாழ ஒரு வார அறிமுகப் பயிற்சியும், ஒன்றாக வந்து இறங்கியவர்களின் தோழமையும் இங்கே இல்லை. தனியாகப் போய், தனியாக இறங்கி, அடுத்த நாளே வகுப்பில் நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்த முதல் முகவரிடம் வருகிறேன். "அரசுப் பாடசாலைக் கட்டடத்துக்குள்ளேயே" என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். கொரியப் பாடசாலைகளில் வகுப்புகள் முடிந்த பிறகு பாங்க்வாஹு எனப்படும் பாடசாலைக்குப் பிந்திய வகுப்புகள் நடக்கும். பல பாடசாலைகள் இவற்றை வெளியே ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிடும். வகுப்பறை அரசுடையது, பிள்ளைகள் அரசுப் பாடசாலைப் பிள்ளைகள். ஆனால் உங்கள் முதலாளி அந்த நிறுவனம். அரசுப் பாடசாலை ஆசிரியருக்குரிய விடுமுறையோ, கல்வி அலுவலகத்தின் பாதுகாப்போ உங்களுக்கு இராது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால் உங்களுக்குச் சில வேளை காலையிலிருந்து வகுப்பு வைப்பார்கள். இந்த வேலை மோசம் என்று நான் சொல்லவில்லை, பிற்பகலில் மட்டும் வேலை செய்ய விரும்பிச் சேர்ந்தவர்களையும் தெரியும். அதை அரசுப் பாடசாலை வேலை என்று சொல்லி விற்பதுதான் பிழை.

நீங்கள் கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி: "ஒப்பந்தத்தில் காப் யார்?" கொரிய ஒப்பந்தங்களில் வேலை கொடுப்பவரைக் காப் என்றும் வேலை செய்பவரை உல் என்றும் முதல் வரியிலேயே குறித்துவிட்டு, பிறகு முழுவதும் அந்த ஓரசைச் சொற்களாலேயே எழுதிக்கொண்டு போவார்கள். மேல்நிலையில் இருப்பவன் கீழே இருப்பவனைப் படுத்தும் பாட்டுக்குக் காப்ஜில் என்று ஒரு சொல்லே அங்கே பிறந்துவிட்டது என்பதிலிருந்து அந்தச் சொல்லின் கனத்தை உணரலாம். காப் என்ற இடத்தில் கல்வி அலுவலகத்தின் பெயரோ பாடசாலை அதிபரின் பதவியோ இருந்தால் அது அரசு வேலை. ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், முகவர் வாயால் என்ன சொன்னாலும், அது தனியார் வேலை. அதே முகவர் அடுத்து ஹாக்வொன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றைக் காட்டக்கூடும். ஹாக்வொன்கள் ஆண்டு முழுவதும் ஆள் தேடுகின்றன, ஆளைச் சேர்த்தவுடன் முகவருக்குக் கூலி கைக்கு வந்துவிடுகிறது. அரசுச் சேர்க்கையிலோ மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "அரசு இடங்கள் நிரம்பிவிட்டன" என்ற செய்தியை அவர் உங்களுக்குச் சொல்லும் அவசரத்தின் காரணம் இங்கேதான் இருக்கிறது. நிரம்பிவிட்டதா என்பதை இபிக் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஹாக்வொன் பக்கம் போகவே நேர்ந்தால் ஒப்பந்த காலம் பன்னிரண்டு மாதம் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஆண்டு முடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தரவேண்டும் என்பது கொரியத் தொழிற் சட்டம். பதினோராவது மாதத்தில் திடீரென்று குறை கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டவர்களின் கதைகள் பல உண்டு.

ஆவணங்களுக்கு வருவோம், உங்கள் காலமும் பொறுமையும் பெரிதும் செலவாகப்போவது இங்கேதான். பட்டச் சான்றிதழின் பிரதி, நாடு தழுவிய குற்றப்பதிவுச் சான்றிதழ் ஆகிய இரண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும்படி அரசு இடும் முத்திரை, வேண்டும். கனடா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2024 ஜனவரி 11 முதல்தான் நடைமுறையில் இணைந்திருக்கிறது. அதற்கு முன் போனவர்கள் கொரியத் துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தச் சொல்லி அலைந்தார்கள். அவர்கள் எழுதிவைத்த பழைய வழிகாட்டல்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன, அவற்றைப் பின்பற்ற வேண்டாம். குற்றப்பதிவுச் சான்றிதழ் உங்கள் உள்ளூர்ப் பொலிஸ் கொடுப்பதாக இருக்கக் கூடாது. கைரேகை கொடுத்து அரச கனேடியக் குதிரைப்படைப் பொலிஸிடமிருந்து பெற வேண்டும். அது கூட்டாட்சி ஆவணம் ஆகையால் ஒட்டாவாவின் வெளிவிவகாரத் துறையிடம் முத்திரைக்குப் போகும். ஒன்ராறியோப் பல்கலைக்கழகப் பட்டத்தின் பிரதியை நொத்தாரிசு ஒருவரிடம் உறுதிப்படுத்தி, மாகாண அரசிடமே முத்திரை பெறலாம். அஞ்சலில் போய் வரும் காலத்தையும் கணக்கில் எடுத்து, மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். அதற்கும் மிக முந்தியும் தொடங்க வேண்டாம். குற்றப்பதிவுச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. உங்களிடம் இன்னும் இல்லாத 100 மணித்தியால டெஃபல் (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழையும் இந்த இடைவெளியில் முடித்துவிடுங்கள்.

மூலப் பட்டத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள். முத்திரை பெற்ற பிரதி போதும். முத்திரை பெற்ற ஆவணங்களையும் முகவருக்கு அனுப்புவதற்கு முன், யாருடைய முகவரிக்கு, எந்தக் கட்டத்தில், எதற்காக என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சல் தடமெண்ணையும் வைத்திருங்கள். கடவுச்சீட்டுப் பிரதி ஒரு கட்டத்தில் கட்டாயம் வேண்டியிருக்கும், அதைக் கொடுப்பதில் தவறில்லை. முதல் மின்னஞ்சலிலேயே அது எதற்கு? அதைக் கேட்பவர் உங்களை ஏற்கெனவே தன் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. கடவுச்சீட்டு, பட்டம், குற்றப்பதிவுச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் பெயர் ஒன்றில் கடைசிப் பெயராகவும், மற்றொன்றில் நடுப்பெயராகவும், இன்னொன்றில் வெறும் தலைப்பெழுத்தாகவும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயர் தர்ஷினி. கடவுச்சீட்டில் "டி" எழுத்துக்குப் பின் "எச்" இருந்தது, பட்டத்தில் அந்த "எச்" விடுபட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் திருத்திய பட்டம் வாங்கி, மறுபடி நொத்தாரிசிடம் போய், மறுபடி முத்திரை வாங்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் அவர் விரும்பிய தேகு நகரத்து இடங்கள் போய்விட்டன. ஆகவே இன்றைக்கே மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தடவிப் படித்துப் பாருங்கள். அங்கே போன பிறகும் நீண்ட பெயரின் தொல்லை தொடரும். வங்கிப் படிவத்தின் கட்டங்கள் மூன்று அசைக் கொரியப் பெயருக்காக அளந்து செய்யப்பட்டவை. சிவசுப்பிரமணியம் அதில் அடங்கமாட்டார்.

நீங்கள் கனடாவில் பிறக்காதவர் என்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இபிக் கேட்பது ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடியுரிமையை. நிரந்தர வதிவுரிமை மட்டும் போதாது. அதோடு 7ஆம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்ததையும் அப்படியான நாட்டில் பத்தாண்டுகள் வாழ்ந்ததையும் பார்ப்பார்கள். ஒன்பது வயதில் போன உங்களுக்கு இது தடையில்லை. ஆனால் பள்ளிப் பதிவேட்டுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் ஒருவேளை கேட்பார்கள்.

நிறத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். கொரியாவில் நிறம் பார்க்கிறார்கள். விவரக்குறிப்போடு புகைப்படம் கேட்பது அங்கே பழைய வழக்கம். சில ஹாக்வொன்கள் வெள்ளை முகத்தைத் தேடுவது பெற்றோரைக் கவர்வதற்காக. முகவர் சிலர் அந்த வடிகட்டலைத் தாங்களே செய்துவிட்டு, இடமில்லை என்று மட்டும் சொல்வார்கள். இபிக் வழியில் இதன் பாதிப்புக் குறைவு. அங்கும் புகைப்படம் உண்டு என்றாலும், உங்களைத் தேறவைப்பது நேர்முகமும் ஆவணங்களும். போய்ச் சேரும் பாடசாலை உங்களைத் தெரிவு செய்வதில்லை, அலுவலகம் அனுப்புகிறது. என்னோடு பயிற்சியில் இருந்தவர்களில் கறுப்பினத்தவரும் தென்னாசியப் பின்னணி கொண்டவர்களும் கணிசமாக இருந்தார்கள். முதல் வாரத்தில் பிள்ளைகள் என் கையைத் தொட்டுப் பார்த்து, "டீச்சர், இந்தியா?" என்று கேட்டார்கள். உலகப் படத்தில் இலங்கையைக் காட்டியதும் ஒரு பையன் அதைக் கண்ணீர்த் துளி என்றான். மற்றொருவன் தன் அப்பாவின் தொழிற்சாலையில் இலங்கை அண்ணன் ஒருவர் வேலை செய்வதாகச் சொன்னான். கொரியாவின் வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கைத் தொழிலாளர் பலர் அங்கே இருக்கிறார்கள். ஆகவே சிறு நகரங்களில் உங்களைப் பார்ப்பவர் முதலில் தொழிற்சாலையை நினைக்கலாம், ஆசிரியை என்றதும் குனிந்து வணங்கலாம். இரண்டுமே ஒரே ஆளிடமிருந்து ஐந்து நிமிட இடைவெளியில் எனக்குக் கிடைத்திருக்கிறது.

சம்பளம் மாதம் 20 இலட்சம் வொன்னைத் தாண்டித் தொடங்கி, தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப உயர்கிறது. தங்க ஓர் அறை வீடு தருவார்கள், அல்லது வாடகைப்படி. வருகைப்படியாக 13 இலட்சம் வொன் கிடைக்கும். ஆறு மாதத்துக்குள் விலகினால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். வாரத்துக்கு 22 மணித்தியாலம் வகுப்பு, ஆனால் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் பாடசாலையில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் வெறும் கட்டடத்தில் மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கும் நாட்கள் வரும். அவற்றையும் வேலை என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். ஓய்வூதியக் கட்டணத்தில் பாதி உங்கள் சம்பளத்திலிருந்து போகும். கனேடியர்கள் நாட்டை விட்டு வெளியேறும்போது அந்தத் தொகையை மொத்தமாகத் திரும்பப் பெறலாம், பிரித்தானியரான எனக்கு அது கிடைக்கவில்லை. முதல் சம்பளமும் வருகைப்படியும் கைக்கு வரும் வரை சாப்பிடவும் வீட்டுக்குச் சாமான் வாங்கவும் 15 இலட்சம் வொன் அளவுக்குக் கையில் கொண்டுபோங்கள்.

போய் இறங்கிய பிறகு முகவரைத் தேட வேண்டாம். அவருடைய கூலி வந்துவிட்டது, அடுத்த சேர்க்கைக்கான ஆட்களைப் பார்க்கப் போய்விட்டிருப்பார். சிலர் நல்ல மனதோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள், அவ்வளவுதான். உங்கள் வெந்நீர்க் கொதிகலன் நின்றுபோனாலும், வங்கிக் கணக்குத் திறக்க வேண்டுமென்றாலும், பல்வலி வந்தாலும் உதவப்போவது உங்களோடு கற்பிக்கும் கொரிய ஆசிரியர். அந்த வேலை அவருடைய வழக்கமான வேலைக்கு மேலே, பெரும்பாலும் கேட்காமலே, தலையில் கட்டப்பட்டது. முதல் நாள் ஒரு பெட்டி மேப்பிள் பிஸ்கட் கொண்டுபோய் ஆசிரியர் அறையில் வையுங்கள். வாசலில் மாற்றிக்கொள்ள ஒரு சோடி உட்செருப்பும் பையில் இருக்கட்டும்.

மச்சாளின் விஷயம். இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட விரிவான பொருளாதாரக் கூட்டுறவு உடன்படிக்கை 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் உள்ள இந்தியக் குடிமக்கள் கொரியப் பாடசாலைகளில் துணை ஆங்கில ஆசிரியராக வேலை செய்ய ஈ-2 எனப்படும் மொழி ஆசிரியர் வீசா பெற இடமுண்டு. மச்சாள் ஆங்கிலத்தில் பி.எட். முடித்தவர் என்றால் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவால் உள்ளே போனவர்கள் மிகச் சிலரே. முகவர்கள் பெரும்பாலும் ஏழு நாடுகளின் கடவுச்சீட்டை மட்டுமே கேட்கிறார்கள், கல்வி அலுவலகங்களும் இந்த உடன்படிக்கையை அடிக்கடி கையாள்வதில்லை. "இந்தியர்களுக்கு உத்தரவாதமான இடம்" என்று சென்னையில் யாராவது அவரிடம் காசு கேட்டால் அது நான் மேலே சொன்ன பழைய ஏஜென்சிதான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இப்படியொரு உடன்படிக்கை இல்லை.

கடைசியாக, எவரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று. கொரியா போன பிறகு வதிவு அட்டைக்காக மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதில் போதைப்பொருள் சோதனையும் உண்டு. கனடாவில் கஞ்சா 2018 முதல் சட்டபூர்வமானது என்பது அங்கே செல்லாது. புறப்படுவதற்கு முந்திய விருந்தில் நண்பர்கள் நீட்டினாலும் தொடாதீர்கள். அபின் வகைப் பொருள்களையும் அந்தச் சோதனை பார்க்கிறது, கசகசா சாப்பிட்டவரின் சிறுநீரில் அதன் தடம் தெரியக்கூடும். அம்மா வழியனுப்பும்போது கசகசா அரைத்துக் குருமா வைத்தால், இந்த ஒரு முறை தேங்காயை மட்டும் அரைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கறித்தூளோடு கசகசாப் பொட்டலம் ஏதும் போகிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.